வான்னாக்ரை எப்படி இயங்குகிறது, அதை எந்தெந்த இடத்தில் பிடிக்கலாம்?

கேட்கப்பட்ட கேள்வி இது: “ரேன்சம்வேர் வந்தால் கோப்புகள் பூட்டிக்கொள்ளும், பணம் கேட்கும் என்பது வரை தெரியும். அதற்கு முன்னால் கணினிக்குள் என்ன நடக்கிறது? ஆன்டிவைரஸ் எச்சரிக்காவிட்டாலும் நாமாகவே கண்டுபிடிக்க வழி உண்டா? ஏதாவது ஒரு ரகத்தை எடுத்துக்கொண்டு விளக்குங்கள்.”

வழி உண்டு. பணம் கேட்கும் சிவப்பு ஜன்னல் திரையில் வருவது அந்த நிரலின் கடைசி வேலை. அதற்கு முன் அது வரிசையாகப் பல காரியங்களைச் செய்து முடித்தாக வேண்டும். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு லாகிலோ (நடந்தவற்றைக் கணினி எழுதி வைக்கும் பதிவேடு) நெட்வொர்க் பாக்கெட்டிலோ (நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டு) புராசஸ் பட்டியலிலோ (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் பட்டியல்) தடம் விடும். கோப்புகள் பூட்டப்படுகின்றனவா என்று மட்டும் காவல் இருப்பவர் எப்போதும் பிந்தித்தான் வருவார். முன்னால் விழும் தடங்களைப் பார்க்கப் பழகியவருக்குச் சில நிமிடங்களாவது கையில் இருக்கும். அந்தச் சில நிமிடங்களில் ஒரு நெட்வொர்க்கையே காப்பாற்ற முடியும்.

விளக்குவதற்கு வான்னாக்ரையை எடுத்துக்கொள்கிறேன். பழைய சரக்குதான். ஆனால் அதன் ஒவ்வொரு பாகத்தையும் உலகெங்கும் பலர் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்துவிட்டார்கள், ஊகமே தேவையில்லை. இதில் கற்றுக்கொள்வது மற்ற ரகங்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். தவிர, அது இன்னும் முழுதாக ஒழிந்துவிடவில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

2017 மே 12, வெள்ளிக்கிழமை அது பரவத் தொடங்கியது. சில நாட்களில் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகள் பாதிக்கப்பட்டதாக ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் சொன்னது. ஸ்பெயினின் டெலிஃபோனிகா, பிரான்சின் ரெனோ கார் ஆலைகள் என்று பெரிய நிறுவனங்களும் தப்பவில்லை. இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவையில் இருந்த 236 மருத்துவமனை அறக்கட்டளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டது. ரத்தானது உறுதியாகத் தெரிந்த மருத்துவச் சந்திப்புகள் மட்டும் 6,912. உண்மையான எண்ணிக்கை 19,000-ஐத் தாண்டும் என்பது மதிப்பீடு. ஒரு நிரலால் நோயாளிகள் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டே மீதியைப் படியுங்கள்.

வான்னாக்ரை உண்மையில் ஒரு பெட்டிக்குள் இருக்கும் இரண்டு நிரல்கள். முதலாவது பரவும் புழு. இரண்டாவது கோப்புகளைப் பூட்டும் ரேன்சம்வேர். புழு தன் வயிற்றுக்குள் ரேன்சம்வேரைச் சுமந்துகொண்டு ஒவ்வொரு கணினியாக ஏறுகிறது. இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் எங்கே பிடிப்பது என்று புரியும்.

முதலில் அது நுழைந்த ஓட்டை. விண்டோஸ் கணினிகள் ஒன்றோடொன்று கோப்புகளையும் பிரிண்டரையும் பகிர்ந்துகொள்ள எஸ்எம்பி என்ற நெறிமுறை இருக்கிறது. அது 445 என்ற போர்ட்டில், அதாவது நெட்வொர்க்குக்கான எண்ணிட்ட கதவில், காத்திருக்கும். அதன் முதல் பதிப்பைக் கையாளும் கெர்னல் (விண்டோஸின் மையக் கரு) பகுதியில் ஒரு பிழை இருந்தது. குறிப்பிட்ட விதத்தில் சிதைத்த பாக்கெட்டுகளை அனுப்பினால், பாஸ்வேர்டு எதுவும் இல்லாமலே அந்தக் கணினியின் கெர்னலில் நம் நிரலை ஓட்டலாம். இதைப் பயன்படுத்தும் கருவிக்கு எட்டர்னல்புளூ என்று பெயர். அது அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையிடம் இருந்தது. ஷேடோ புரோக்கர்ஸ் என்று தங்களை அழைத்துக்கொண்ட கும்பல் 2017 ஏப்ரல் 14 அன்று அதைப் பொதுவெளியில் கொட்டிவிட்டது. மைக்ரோசாஃப்ட் அதற்கு ஒரு மாதம் முன்பே, மார்ச் 14 அன்றே, அந்தப் பிழையைத் திருத்தும் எம்எஸ்17-010 என்ற பேட்சை வெளியிட்டிருந்தது. பேட்சுக்கும் தாக்குதலுக்கும் நடுவில் 59 நாட்கள். அந்த 59 நாட்களில் அதைப் போட்டிருந்த கணினிகளுக்குள் இந்தப் புழுவால் தானாக ஏற முடியவில்லை.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். யாரோ ஒரு ஊழியர் மின்னஞ்சல் இணைப்பைத் திறந்ததால் வான்னாக்ரை வந்தது என்று அன்று பலரும் சொன்னார்கள். அப்படியொரு மின்னஞ்சல் எங்கும் உறுதிப்படவில்லை. யாரும் எதையும் கிளிக் செய்யத் தேவையே இருக்கவில்லை. பேட்ச் போடாமல் 445-ஐத் திறந்து வைத்த கணினி சும்மா ஓடிக்கொண்டிருந்தாலே போதும். ஊழியர் மேல் பழி போட்டுவிட்டுப் பேட்ச் நிர்வாகத்தை விட்டுவிட்டால் அடுத்த முறையும் அதே கதைதான் நடக்கும்.

புழு ஒரு கணினியில் இயங்கத் தொடங்கியதும் செய்யும் முதல் காரியம் வினோதமானது. பொருளே இல்லாத நீளமான எழுத்துக் கோவையாக ஒரு டொமைன் பெயர் அதற்குள் எழுதப்பட்டிருக்கிறது. அந்த முகவரியை இணையத்தில் தொடர்புகொள்ளப் பார்க்கும். தொடர்பு கிடைத்தால் எதுவும் செய்யாமல் தானே நின்றுவிடும். கிடைக்காவிட்டால் வேலையைத் தொடங்கும். அதை எழுதியவர்கள் எதற்காக இப்படி வைத்தார்கள் என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. ஆய்வுக்கூடங்களில் தீநிரலை ஓட்டிப் பார்க்கும் சூழல்கள், இல்லாத முகவரிக்கும் பதில் தருவது போல நடிக்கும். அப்படிப்பட்ட சூழலைக் கண்டுகொண்டு ஒதுங்குவதற்காக வைத்திருக்கலாம் என்பது எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது. மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற இளம் ஆய்வாளர் அந்தப் பெயர் பதிவாகாமல் கிடப்பதைப் பார்த்துச் சுமார் 11 டாலர் கொடுத்துத் தன் கட்டுப்பாட்டில் பதிவு செய்தார். அந்த நொடியிலிருந்து புதிதாக ஏறிய புழுக்கள் பதில் கிடைத்ததும் ஓய்ந்தன.

இந்த இடத்தில் கண்டறிதல் பற்றிய முதல் பாடம் இருக்கிறது. அன்று பல நிர்வாகிகள் வழக்கமான பழக்கத்தில் அந்த டொமைனை ஃபயர்வாலில் தடை செய்தார்கள். தீய முகவரி என்றால் தடு என்பதுதானே பொது விதி? ஆனால் இங்கே அந்த முகவரிக்குப் பதில் கிடைப்பதுதான் பாதுகாப்பு. தடுத்தவர்கள் தங்கள் கையாலேயே அந்த நிறுத்தியைக் கழற்றிப் போட்டார்கள். இதே போல, இணையத்துக்குப் போக பிராக்சி (இடைத்தரகு சர்வர்) கட்டாயம் என்ற நெட்வொர்க்குகளிலும் நிறுத்தி வேலை செய்யவில்லை. புழு பிராக்சி அமைப்பைப் பார்க்காமல் நேரடியாகத் தொடர்புகொள்ளத்தான் முயன்றது. அங்கெல்லாம் சரியான வழி, பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் உள் டிஎன்எஸ் சர்வரில் அந்தப் பெயரை உள்ளேயே இருக்கும் ஒரு சாதாரண வெப் சர்வருக்குத் திருப்பி விடுவது. புழு வந்து தட்டும், பதில் கிடைக்கும், நின்றுவிடும். வந்து தட்டியது எந்தக் கணினி என்று வெப் சர்வர் லாகில் ஐபி முகவரியும் பதிவாகிவிடும். தடுப்பும் கண்டறிதலும் ஒரே ஏற்பாட்டில் முடிந்துவிடும்.

ஆகவே வான்னாக்ரையைத் தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது டிஎன்எஸ் லாக். அந்தப் பெயரைக் கேட்ட கணினி எதுவாக இருந்தாலும் அதில் புழு இருக்கிறது என்று கொள்ளலாம். வேறெந்த மென்பொருளுக்கும் அந்தப் பெயரோடு வேலை கிடையாது. சிஸ்மான் போட்டிருந்தால் நிகழ்வு எண் 22 டிஎன்எஸ் கேள்வியைக் காட்டும், எந்தப் புராசஸ் கேட்டது என்பதையும் சேர்த்து. சிஸ்மான் மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் கருவி. அதைப் போடாமல் விண்டோஸ் நெட்வொர்க்கைக் கண்காணிப்பது விளக்கில்லாமல் வீட்டைச் சோதனை போடுவது மாதிரி.

டொமைன் பதில் தராவிட்டால் புழு தன்னை ஒரு விண்டோஸ் சர்வீஸாகப் பதிவு செய்துகொள்கிறது. காட்டும் பெயர் ‘மைக்ரோசாஃப்ட் செக்யூரிட்டி சென்டர் 2.0 சர்வீஸ்’. அடைப்புக்குறிக்குள் அந்த 2.0 இருக்கும். மைக்ரோசாஃப்ட் அப்படியொரு சர்வீஸை வைத்ததே இல்லை. புதிய சர்வீஸ் பதிவானால் விண்டோஸின் சிஸ்டம் லாகில் 7045 என்ற நிகழ்வு விழும். ஒரே நேரத்தில் பல கணினிகளில் ஒரே பெயரில் 7045 விழுந்தால், பெயர் எவ்வளவு மரியாதையாக இருந்தாலும் நம்பாதீர்கள்.

அடுத்துப் பரவல். புழு ஒரு பக்கம் தன் உள் நெட்வொர்க்கின் முகவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டும். மறுபக்கம் 128 இழைகளை (ஒரே நேரத்தில் ஓடும் கிளைகள்) திறந்து, இணையத்தில் தோராயமாக உருவாக்கிய ஐபி முகவரிகளைத் தட்டும். எங்காவது 445 திறந்திருந்தால் அந்த முகவரியைச் சுற்றியுள்ள 200-க்கு மேற்பட்ட அண்டை முகவரிகளையும் விடாது. இப்படி 24 மணி நேரம் தட்டிவிட்டுப் பரப்பும் பகுதி ஓய்ந்துவிடும்.

யோசித்துப் பாருங்கள். சாதாரண ஊழியரின் கணினி ஒரு நாளில் எத்தனை கணினிகளோடு 445-ல் பேசும்? ஒரு கோப்பு சர்வர், ஒரு டொமைன் கன்ட்ரோலர், ஒரு பிரிண்ட் சர்வர், அவ்வளவுதான். அதே கணினி ஒரு நிமிடத்தில் நூறு முகவரிகளை 445-ல் தொட்டால், அதில் பெரும்பாலானவை பதிலே தராதவையாகவும் இருந்தால், அதற்கு நல்ல விளக்கம் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பாதுகாப்புச் சோதனைக்காக நீங்களே வைத்திருக்கும் ஸ்கேனராக இருக்கலாம். அதன் முகவரியை விதிவிலக்காக வைத்துவிட்டால் மீதியெல்லாம் சந்தேகத்துக்குரியவை. வான்னாக்ரையைக் கண்டறிய ஒரே ஒரு விதி எழுதத்தான் அனுமதி என்று யாராவது சொன்னால் நான் எழுதுவது இதைத்தான்: குறுகிய நேரத்தில் பல முகவரிகளை 445-ல் தொடும் கணினி. இதற்குப் புழுவின் பெயர் தெரிய வேண்டாம், ஹேஷ் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) வேண்டாம், ஆன்டிவைரஸ் தேடும் கையொப்பமும் வேண்டாம். அதன் ஆசிரியர் நாளை கோப்பின் ஒரே ஒரு பைட்டை மாற்றினாலும் ஹேஷ் முழுவதும் மாறிவிடும். ஆனால் பரவ வேண்டுமென்றால் தட்டித்தான் ஆக வேண்டும். அதை அவர்களால் மாற்ற முடியாது.

ஊழியர்களின் கணினிகள் ஒன்றோடொன்று 445-ல் பேச வேண்டிய தேவை பெரும்பாலும் இருப்பதே இல்லை. எல்லாக் கணினிகளிலும் இருக்கும் விண்டோஸ் ஃபயர்வாலில் அதை மூடிவிட்டால் பரவலும் நின்றுவிடும். மூடிய கதவைத் தட்டும் ஒவ்வொரு முயற்சியும் எச்சரிக்கையாகவும் மாறும். எஸ்எம்பி முதல் பதிப்பையும் அணைத்துவிடலாம். விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும்போது அதன் சர்வர் பகுதி இயல்பாக வருவதே இல்லை.

திறந்த கதவு கிடைத்ததும் புழு ஒரு சோதனை செய்கிறது: டபுள்பல்சர் என்ற பின்வாசல் ஏற்கெனவே அங்கே இருக்கிறதா? எஸ்எம்பி பாக்கெட்டில் மல்டிபிளெக்ஸ் ஐடி என்று ஒரு புலம் உண்டு. அதில் 65 என்று அனுப்பினால் நல்ல கணினி அதே 65-ஐத் திருப்பித் தரும். பின்வாசல் உள்ள கணினி 81 தரும். நெட்வொர்க் ஊடுருவலைக் கண்காணிக்கும் கருவிகளுக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடைப்பது அரிது. பின்வாசல் இல்லாவிட்டால் எட்டர்னல்புளூவை ஏவி அதை நிறுவும். பிறகு அதன் வழியாக எல்சாஸ் என்ற விண்டோஸ் புராசஸுக்குள் ஒரு டிஎல்எல்லை (வேறு நிரலுக்குள் ஏற்றி ஓட்டும் நிரல் துண்டு) செலுத்தும். உள்நுழைவுகளைச் சரிபார்ப்பதுதான் எல்சாஸின் வேலை. அந்த டிஎல்எல் புழுவின் நகலை விண்டோஸ் கோப்புறையில் எழுதி இயக்குகிறது. எல்சாஸ் ஒரு எக்ஸி கோப்பை உருவாக்கி அதை ஓட்டுவது என்பது சாதாரணமாக நடக்கிற காரியமே இல்லை. புதிய புராசஸ் தொடங்குவதைக் காட்டும் சிஸ்மான் நிகழ்வு 1-ல் தாய்ப் புராசஸ் என்ற இடத்தில் எல்சாஸ் இருந்தால் உடனே எழுந்து உட்காருங்கள்.

எட்டர்னல்புளூ எப்போதும் வெற்றி பெறாது. கெர்னல் மெமரியோடு விளையாடுவதால் தவறினால் கணினி நீலத் திரையோடு விழும். விண்டோஸ் எக்ஸ்பி கணினிகள் அன்று பெரும்பாலும் பாதிக்கப்படுவதற்குப் பதில் இப்படி விழுந்தன. பாதிப்பின் பெரும்பகுதி விண்டோஸ் 7-இல்தான். காரணமே தெரியாமல் ஒரே தளத்தில் பல கணினிகள் மாறி மாறி நீலத் திரை காட்டினால் வன்பொருள் கோளாறு என்று ஒதுக்குவதற்கு முன் நெட்வொர்க்கைப் பாருங்கள்.

இனி இரண்டாவது நிரல். புழு தன் வயிற்றிலிருந்து ரேன்சம்வேரை எடுத்து விண்டோஸ் கோப்புறையில் வைத்து ஓட்டுகிறது. அது பாஸ்வேர்டிட்ட ஜிப் ஒன்றைப் பிரிக்கிறது. அதற்குள் அடையாளத்தை மறைத்து இணையத்தில் பேச உதவும் டோர் மென்பொருள், 28 மொழிகளில் மிரட்டல் கடிதம், திரைப் பின்னணிப் படம் எல்லாம் இருக்கும். அடுத்துத் தன் கோப்புறையை மறைக்கிறது. கோப்பு அனுமதிகளை மாற்றும் ஐகேக்கிள்ஸ் கட்டளையால் ‘எல்லோருக்கும் முழு அனுமதி’ என்று மாற்றுகிறது. பிறகு எக்ஸ்சேஞ்ச், மைஎஸ்கியூஎல், எஸ்கியூஎல் சர்வர் புராசஸ்களை ‘டாஸ்க்கில்’ என்ற விண்டோஸ் கட்டளையைக் கொண்டு கொல்லப் பார்க்கிறது. ஏன் என்றால், ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ் தன் கோப்புகளைப் பிறர் தொடாமல் பிடித்து வைத்திருக்கும். கணக்குகளும் மின்னஞ்சல்களும் அங்கேதான் இருக்கின்றன. அவற்றைப் பூட்ட வேண்டுமானால் முதலில் பிடியை விடுவிக்க வேண்டும். இந்தப் பழக்கம் பின்னால் வந்த பல ரகங்களிலும் தொடர்கிறது. ஆகவே டேட்டாபேஸ் சர்வீஸ் யாரும் சொல்லாமல் நின்றால், மறுபடி ஓட விடுவதற்கு முன் நிறுத்தியது யார் என்று பாருங்கள்.

பூட்டும் முறையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் “சாவியைக் கண்டுபிடித்துவிட முடியாதா?” என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒவ்வொரு கோப்புக்கும் புதிதாக ஒரு 128 பிட் ஏஇஎஸ் சாவி உருவாகிறது. கோப்பின் உள்ளடக்கம் அதனால் பூட்டப்படுகிறது. ஏஇஎஸ் வேகமானது, ஆயிரக்கணக்கான கோப்புகளுக்கும் தாங்கும். அந்தச் சின்னச் சாவியை அப்படியே விட்டால் யாரும் எடுத்துவிடலாம். அதனால் பாதிக்கப்பட்ட கணினியிலேயே 2048 பிட் ஆர்எஸ்ஏ சாவி ஜோடி ஒன்று (பூட்ட ஒரு பொதுச் சாவி, திறக்க ஒரு தனிச் சாவி) உருவாகிறது. அந்த ஜோடியின் பொதுச் சாவியால் ஒவ்வொரு ஏஇஎஸ் சாவியும் பூட்டப்பட்டு, கோப்பின் தலைப்பிலேயே வைக்கப்படுகிறது. ஜோடியின் தனிச் சாவியோ, தாக்கியவர்கள் நிரலுக்குள் வைத்து அனுப்பிய இன்னொரு பொதுச் சாவியால் பூட்டப்படுகிறது. அதைத் திறக்கும் சாவி அவர்களிடம் மட்டுமே இருக்கிறது. பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் பெட்டி. வெளிப்பெட்டியின் சாவி மட்டும் ஊருக்கு வெளியே. பொதுச் சாவி முறையை இப்படி மிரட்டலுக்குப் பயன்படுத்தலாம் என்று ஆடம் யங், மோட்டி யுங் இருவரும் 1996-லேயே ஆய்வுக் கட்டுரையில் எச்சரித்திருந்தார்கள்.

பூட்டிய கோப்பின் முதல் 8 பைட்டுகளில் ‘வானாக்ரை’ என்று ஆங்கிலப் பெரிய எழுத்துகளிலும் ஆச்சரியக்குறியோடும் எழுதியிருக்கும். கோப்புக்குள் குறிப்பிட்ட அடையாளங்களைத் தேடும் யாரா கருவிக்கு விதி எழுதுபவர்களுக்கு இது போதும். ஆனால் கோப்பில் அந்த எழுத்து வந்துவிட்டது என்றால் கோப்பு போய்விட்டது என்று பொருள். எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று அளக்க உதவும், முன்கூட்டிப் பிடிக்க உதவாது.

கோப்பு மட்டத்தில் முன்கூட்டிப் பிடிப்பது எப்படி? ஒரு புராசஸ் சில நொடிகளில் நூற்றுக்கணக்கான கோப்புகளைப் படித்து, எழுதி, பெயர் மாற்றினால் அது அசாதாரணம். ஒரே பெயருள்ள உரைக்கோப்பு ஒவ்வொரு கோப்புறையிலும் முளைப்பதும் அப்படியே. மிரட்டல் கடிதம் அப்படித்தான் வைக்கப்படும். பகிர்வுக் கோப்புறைகளில் சில பொறிக் கோப்புகளை வைப்பது எனக்குப் பிடித்த முறை. பெயர் வரிசையில் முதலிலும் கடைசியிலும் வரும்படி பெயரிடுங்கள். மனிதர் யாரும் தொடத் தேவையில்லாதபடி வையுங்கள். அவற்றில் ஒன்று மாறினாலே அந்தப் பயனரின் இணைப்பைத் துண்டிக்கும்படி சர்வரில் அமைத்துவிடலாம். செலவே இல்லாத ஏற்பாடு.

எண்ட்ரோபியை, அதாவது தரவு எவ்வளவு தாறுமாறாக இருக்கிறது என்ற அளவை, பார்ப்பது பற்றியும் கேட்பார்கள். பூட்டிய தரவு தாறுமாறாக இருக்கும். ஒரு பைட்டுக்கு 8 பிட் என்ற உச்ச அளவை நெருங்கும். அதைக் கண்டால் எச்சரிக்கை கொடு என்பது யோசனை. காகிதத்தில் அழகாக இருக்கிறது, நடைமுறையில் ஏமாற்றும். ஜேபெக் படங்களும் ஜிப் கோப்புகளும் இயல்பிலேயே உயர்ந்த எண்ட்ரோபி உடையவை. வேர்டின் டாக்எக்ஸ் கோப்பும் உள்ளுக்குள் ஒரு ஜிப்தான். இதைவிட நம்பகமானது கோப்பின் தலைப்பு. ஒவ்வொரு வகைக் கோப்பும் தனக்கே உரிய சில பைட்டுகளோடு தொடங்கும். பிடிஎஃப் என்று பெயர் சொல்லிக்கொண்டு பிடிஎஃப் போலத் தொடங்காத கோப்புகள் திடீரென்று பெருகினால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். எண்ட்ரோபி கணக்குகளை ஏமாற்றவே 2021-ல் வந்த லாக்ஃபைல் என்ற ரகம், 16 பைட்டைப் பூட்டி அடுத்த 16 பைட்டை அப்படியே விட்டு மாறி மாறிச் சென்றது.

இன்னொரு தடத்தை எந்த ரகமும் எளிதில் தவிர்ப்பதில்லை. விண்டோஸ் தானாக எடுத்து வைக்கும் நிழல் நகல்கள் இருந்தால் பழைய கோப்புகளை மீட்டுவிடலாம். அதனால் அவற்றை அழிக்க வேண்டும். வான்னாக்ரை ஒரே வரியில் விஎஸ்எஸ்அட்மின், டபிள்யூஎம்ஐசி இரண்டாலும் நிழல் நகல்களை அழிக்கிறது, பிசிடிஎடிட் கொண்டு மீட்புப் பயன்முறையை அணைக்கிறது, டபிள்யூபிஅட்மின் கொண்டு பேக்கப் பட்டியலை அழிக்கிறது. இவை எல்லாமே விண்டோஸோடு வரும் நியாயமான கருவிகள். ஆன்டிவைரஸ் அவற்றைத் தீநிரல் என்று சொல்லாது. ஆனால் ஒரு நிர்வாகி ‘எல்லா நிழல் நகல்களையும் சத்தமில்லாமல் அழி’ என்று கட்டளை இடும் நாள் வருடத்தில் எத்தனை? பல ரகங்கள் பூட்டத் தொடங்கும் முன்பே இதைச் செய்கின்றன என்பதால், இந்தக் கட்டளை ஓடியதும் அந்தக் கணினியைத் தானாகவே நெட்வொர்க்கிலிருந்து துண்டிக்கும் விதி வைப்பது மிகையாகாது. விண்டோஸின் 4688 நிகழ்வில் கட்டளை வரியோடு இது பதிவாகும். ஆனால் அந்தத் தணிக்கையும் கட்டளை வரிப் பதிவும் இயல்பாக இயங்குவதில்லை, நீங்கள்தான் இயக்க வேண்டும். பலர் இதை அறியாமல், தாக்குதலுக்குப் பிறகு வெற்று லாகைப் பார்த்துத் திகைத்து நிற்கிறார்கள்.

பூட்டியவற்றை மீட்க முடிந்ததா என்றால், சிலருக்கு முடிந்தது. ஆர்எஸ்ஏ ஜோடியை உருவாக்கும்போது பயன்பட்ட பகா எண்களைப் பழைய விண்டோஸ் மெமரியிலிருந்து துடைக்காமல் விட்டிருந்தது. ஏட்ரியன் கினே இதைக் கவனித்து எக்ஸ்பிக்காக ஒரு கருவி எழுதினார். பெஞ்சமின் டெல்பி அதை விண்டோஸ் 7 வரை கொண்டுவந்தார். நிபந்தனை: கணினியை அணைத்திருக்கக் கூடாது, மெமரியின் அந்த இடத்தில் வேறெதுவும் எழுதப்பட்டிருக்கவும் கூடாது. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் கோப்புறைகளில் இருந்த மூலக் கோப்புகளை வான்னாக்ரை குப்பைத் தரவால் மேலெழுதிவிட்டே அழித்தது. மற்ற இடங்களில் இருந்தவற்றைச் சாதாரணமாகத்தான் அழித்தது. அவற்றில் சில, அழிந்த கோப்புகளை மீட்கும் கருவிகளால் கிடைத்தன.

பணம் கட்டியவர்கள்? முதலில் 300 டாலர், மூன்று நாள் கழித்து 600. நிரலுக்குள் இருந்தது மூன்றே பிட்காயின் முகவரிகள். உலகமே அந்த மூன்றில்தான் கட்டியது. யார் கட்டினார், எந்தக் கணினிக்குக் கட்டினார் என்று தாக்கியவர்களால் தானாகப் பிரித்தறிய முடியவில்லை. 2017 ஆகஸ்டில் சுமார் 52 பிட்காயின், ஏறக்குறைய 1,40,000 டாலர், அந்த முகவரிகளிலிருந்து எடுக்கப்பட்டது. பணம் கட்டினால் சாவி வரும் என்று எண்ணும் ஒவ்வொருவரும் இந்த விவரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

இன்றைய ரகங்கள் பெரும்பாலும் புழுவைப் போலத் தானாக ஓடுவதில்லை. மனிதர்கள் உள்ளே வந்து, தங்கி, பார்த்து, பிறகு பூட்டுகிறார்கள். 2021 மே மாதம் தாக்கப்பட்ட அமெரிக்க எரிபொருள் குழாய் நிறுவனமான கொலோனியல் பைப்லைனுக்குள் டார்க்சைட் கும்பல் நுழைந்தது, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லாத ஒரு விபிஎன் (வெளியிலிருந்து நிறுவன நெட்வொர்க்குக்குள் வரும் வழி) கணக்கின் வழியாகத்தான். 2019-இன் கடைசியில் மேஸ் கும்பல் தொடங்கிவைத்த பழக்கம் இன்னொன்று: பூட்டும் முன் தரவைத் திருடிவிட்டு, பணம் தராவிட்டால் வெளியிடுவோம் என்று மிரட்டுவது. இதனால் தேடும் இடங்களும் கொஞ்சம் மாறுகின்றன. நள்ளிரவில் விபிஎன்னில் நுழையும் பழைய கணக்கு, கோப்பு சர்வரிலிருந்து வெளியே பாயும் அளவுக்கு மீறிய தரவு, திடீரென்று நிர்வாகி குழுவில் சேர்க்கப்பட்ட பெயர், ஆன்டிவைரஸை அணைக்கும் கட்டளை. ஆனால் நிழல் நகலை அழிப்பது, டேட்டாபேஸை நிறுத்துவது, ஒரு கணினியிலிருந்து பலவற்றை 445-ல் தொடுவது ஆகிய மூன்றும் அப்படியே இருக்கின்றன.

சந்தேகம் வந்த நொடியில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையைத் துண்டியுங்கள். மின்சாரத்தை நிறுத்தாதீர்கள், சாவி மெமரியில் இருக்கக்கூடும். பேக்கப் இல்லாத கணினியில் கண்ணெதிரே கோப்புகள் ஒவ்வொன்றாகப் பெயர் மாறிக்கொண்டிருந்தால் மட்டும், அணைப்பதற்குப் பதில் ஹைபர்னேட் செய்யுங்கள். மெமரி வட்டில் எழுதப்பட்டுவிடும், பூட்டுதலும் நிற்கும். மிரட்டல் கடிதத்தையும் பூட்டிய ஒரு கோப்பையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரகத்தை அடையாளம் காண அவை தேவைப்படும். டச்சுக் காவல்துறையும் யூரோபோலும் சேர்ந்து 2016-ல் தொடங்கிய ‘நோ மோர் ரேன்சம்’ தளத்தில் சில ரகங்களுக்குத் திறவுகருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. இப்போது கிடைக்காவிட்டாலும் பூட்டிய கோப்புகளை அழித்துவிடாதீர்கள்.

முதலில் சொன்னேன் அல்லவா, இது இன்னும் ஒழியவில்லை என்று. யாரோ நிறுத்தியை முடக்கி வெளியிட்ட வான்னாக்ரை வகைகள் பல உள்ளன. பாதுகாப்பு நிறுவனமான சோஃபோஸ் 2019-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைக் காட்டியது: அவற்றில் அதிகம் பரவியவற்றின் வயிற்றில் இருக்கும் ஜிப் சிதைந்துபோனது. புழு பரவும், ஆனால் ரேன்சம்வேர் பிரியாது. அதனால் யாருக்கும் தெரியாமல் நெட்வொர்க்குகளில் ஊர்ந்துகொண்டே இருக்கிறது. நான் பார்த்த ஒரு நெட்வொர்க்கில் 445 இணைப்புகளை எண்ணிப் பார்த்தபோது, அளவீட்டுக் கருவி ஒன்றோடு இணைந்திருந்த பழைய கணினி தினமும் நூற்றுக்கணக்கான முகவரிகளைத் தட்டிக்கொண்டிருந்தது. அதன் பொறுப்பு யாருடையது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. கோப்பு எதுவும் பூட்டப்படவில்லை, அதனால் புகாரும் வரவில்லை. ஆனால் அந்தப் புழு அங்கே இருக்கிறது என்றால் எம்எஸ்17-010 அங்கே இல்லை என்று பொருள். வயிற்றில் சிதையாத ஜிப்போடு அடுத்தது வந்தாலும் அதே கதவு திறந்தே இருந்திருக்கும். அன்றே அதைப் பிரித்து, பேட்ச் போட முடியாத அந்தக் கணினியைத் தனி நெட்வொர்க்கில் வைத்து, 445-ஐ மூடினோம். உங்கள் லாகில் இதே எண்ணிக்கையை இன்று ஒரு முறை எடுத்துப் பாருங்கள். பட்டியலின் உச்சியில் வரும் கணினி உங்கள் ஸ்கேனராக இல்லாவிட்டால், அதன் முன்னால் போய் உட்காருங்கள்.